விரிப்பு பார்த்த திசை

கடலுக்கு மேல் வெயில் ஏற ஏற, ஹபீப் மீரானுக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் தான் எடுக்கும் படத்தைக் குறும்பட விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். இரண்டு காட்சிகள் பாக்கி.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. முத்துக்குளிக்கும் காசிம், முதலாளிக்குச் சேர வேண்டிய சிப்பியில் பெரிய முத்து ஒன்றைக் காண்கிறான். பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறான். அல்லாஹ் பார்க்கிறான் என்கிற ஈமான்தான் காரணம்.

காசிமாக நடிக்கும் தேவபிரசாதம் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், மாதா கோயில் நாடகங்களில் பழகியவர். முத்தைக் கொடுக்கும் காட்சியில் ஏழு டேக் வாங்கிவிட்டார்.

"பாய், எதுக்குக் குடுக்கான்? முதலாளிக்குப் பயந்தா?"

"ஈமான் அண்ணாச்சி. இறை நம்பிக்கை."

"சொல்லுதீக. எனக்கு உள்ள இறங்கலயே."

சரி, தொழுகைக் காட்சியை முதலில் முடிப்போம் என்று ஹபீப் மக்கா இருக்கும் மேற்கு பார்த்துத் தொழுகை விரிப்பைப் போட்டான். கேமராவுக்குள் பார்த்த மாரிச்செல்வம் கத்தினான்.

"ஏலே ஹபீபு! மூஞ்சி இருட்டா விழுது. பின்னால கண்டெய்னர் கப்பல் வேற நிக்கி. காசிம் காலத்துல அது எங்கன இருந்து வந்துச்சு?"

கப்பல் நகரும் வழியாக இல்லை. ஹபீப் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். விரிப்பை உருவிக் கடலைப் பார்த்துப் போட்டான். இனி முகத்தில் வெயில், பின்னால் வெறும் மணலும் பனையும்.

தேவபிரசாதம் விரிப்பில் ஏறவில்லை. "எங்க தெருவுல பாய்மாரெல்லாம் கடலுக்கு முதுகக் காட்டில்லா தொழுவாக?"

"படத்துல திசை எவனுக்குத் தெரியப்போவுது? நில்லுங்க அண்ணாச்சி."

"அப்போ காசிம் முத்த வச்சுக்கிட்டா மட்டும் எவனுக்குத் தெரியப்போவுது?"

மாரிச்செல்வம் சிரித்துவிட்டான். ஹபீபுக்குக் காது மடல் சுட்டது. ஒரு வருஷமாக எழுதி எழுதித் திருத்திய கதை. அதைத் தானே இப்போது காலால் எத்திவிட்டது போலிருந்தது. குனிந்து விரிப்பைப் பழையபடி மேற்கே திருப்பினான்.

"மாரி, கேமராவ மணல்ல வை. நெத்தி விரிப்பத் தாண்டி மணல்ல படுறது மட்டும் போதும்."

"மூஞ்சி தெரியாதுலே."

"தெரியாட்டாப் போவுது."

ஒரே டேக். எழுந்த தேவபிரசாதத்தின் நெற்றியில் மணல் அப்பியிருந்தது. துடைக்கப் போன ஹபீபின் கையை விலக்கினார்.

"இருக்கட்டும் பாய். அந்த முத்து எங்க? அதையும் இப்பவே எடுத்துருவோம்."