காலியாக விட்ட கட்டம்

வேங்கிக்காலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கீதாஞ்சலி கணினி வேலை பார்த்தாள். 2002-ல், காது கேளாத குழந்தைகளுக்கு மருத்துவ முகாம் நடத்த ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். ஊருக்கு ஒரு வரி. பக்கத்தில், அந்த ஊரில் எத்தனை குழந்தைகள் என்ற எண்.

டாக்டர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் முகாமுக்கு வரச்சொல்லி ஒரு சீட்டு கேட்டார்கள். எண் மூன்று என்றால் அந்த ஊரின் வரி மூன்றாகப் பெருக வேண்டும். கீதாஞ்சலி அதற்கொரு புரோகிராம் எழுதி ஓட்டினாள். அது பாதியில் நின்றது. ஏதோ ஓர் ஊருக்கு எண்ணே இல்லை.

எந்த ஊர் என்று பார்த்திருக்கலாம். ஆனால் மறுநாள் சீட்டு அச்சுக்குப் போக வேண்டும். 'காலியாக இருந்தால் பூஜ்யம்' என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினாள். எழுநூற்று நாற்பத்தாறு வரிகள் தடையில்லாமல் வந்து விழுந்தன. எல்லோரும் பாராட்டினார்கள். முகாமும் நன்றாக நடந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஜவ்வாது மலையடிவாரத்து நெல்லிக்கொல்லையிலிருந்து பாஞ்சாலை என்ற பெண் தன் மகளோடு ஆபீசுக்கு வந்தாள். மகள் எழிலரசிக்கு ஏழு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை.

"பக்கத்து ஊருக்கெல்லாம் சீட்டு வந்துச்சாம். எங்க ஊருக்கு மட்டும் ஏங்க வரல?"

கீதாஞ்சலி பட்டியலில் தேடினாள். நெல்லிக்கொல்லை என்ற பெயரே இல்லை. பழைய கணக்கைத் திறந்தாள். அங்கே ஊர் இருந்தது. எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தது.

கணக்கெடுத்த முருகையனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கு ஆத்துல தண்ணி ஜாஸ்திம்மா, தாண்ட முடியல," என்றார் அவர். "பூஜ்யம் போட்டா பொய்யாயிடும்னுதான் காலியா வுட்டேன். பார்த்துட்டு நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவர் எழுதாத பொய்யைக் கீதாஞ்சலி எழுதியிருந்தாள். பூஜ்யம் முறை பெருக்கினால் ஒரு வரியும் மிஞ்சாது. ஊரோடு சேர்ந்து இந்தக் குழந்தையும் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போயிருந்தது.

வெளியே வந்து பாஞ்சாலையிடம் மறைக்காமல் சொன்னாள். "தப்பு என்னோடதுதாங்க. நான்தான் பார்க்காம வுட்டுட்டேன்."

பாஞ்சாலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி குத்தம்னு நெனச்சு ரெண்டு வருஷமா பௌர்ணமிக்குப் பௌர்ணமி இவளையும் இழுத்துக்கினு மலை சுத்தினேங்க," என்றாள்.

அந்த வாரமே கீதாஞ்சலி முருகையனோடு நெல்லிக்கொல்லைக்குப் போய் வீடு வீடாகக் கேட்டாள். நான்கு குழந்தைகள். நான்கு பேருக்கும் அடுத்த முகாமில் காது கேட்கும் கருவி கிடைத்தது. சின்னவர்கள் இருவருக்கும் பேச்சு சீக்கிரம் வந்தது. எழிலரசிக்குச் சத்தம் கேட்டது. ஆனால் வார்த்தைகள் வழுக்கிக்கொண்டே போயின. அந்த முதல் முகாமிலேயே கருவி மாட்டியிருந்தால் சுலபமாக வந்திருக்கும் என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடத்தில் எழிலரசி கை ஜாடையால்தான் அதிகம் பேசுகிறாள் என்று பாஞ்சாலை ஒருமுறை சொன்னாள். அதில் கோபம் இல்லை. கீதாஞ்சலி தலையைக் குனிந்துகொண்டாள்.