பிரேக்கில் கால் வைத்துக் காத்திருக்கிறாள் அக்கா

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்காவிடமிருந்து உத்தரவாக வந்தது. பதினொரு வருடமாகக் கதை எழுதுகிறேன். ஒன்றைக்கூட அவள் முழுசாகப் படித்ததில்லை. கேட்டால், "உன் கதையில யாருக்குமே வேலைவெட்டி இல்லடா. சன்னலோரமா நின்னு யோசிச்சுக்கிட்டே இருக்காங்க" என்பாள். போன மாதம் அவளே கூப்பிட்டு, ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டிக்கு கியர் ஆயில் எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது என்று ஒரு கதை எழுதச் சொன்னாள். அதற்குப் பெயர் கதையல்ல, கையேடு என்றேன். நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறோம், வந்து பார்த்து எழுது, என்னவாக வருகிறதோ வரட்டும் என்றாள்.

ஆரம்பித்தேன்.

சன்னலோரமாக நின்று அக்கா யோசித்துக்கொண்டி (அடித்துவிட்டேன்.)

பனி விலகிய காலையில் அந்த வண்டி தன் ஆத்மாவின் ஆழத்தில் (இதையும். வண்டிக்கு ஆத்மா கிடையாது. கியர்பாக்ஸ்தான் உண்டு.)

2

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்கா, தொட்டிச் செடிகளை அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். குளிர்சாதன அறையில் வாடிப்போனதைத் தூக்கிவந்து, தெம்பான செடியை அங்கே வைக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் இதே வேலை. மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவளுடைய இடது முழங்கால் சரியாக மடங்குவதில்லை, எப்போதும் ஒரு வெள்ளைத் துணிக்கட்டு சுற்றியிருக்கும். கிளட்ச் மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை என்பதால்தான் இதை வாங்கினார்கள். இது போனால் இன்னொன்றுக்கு வழியில்லை. வேறு வண்டிக்கு டிரைவர் போட்டுக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, "அப்புறம் நான் செடியோட செடியா பின்னாடி உக்காந்து போகவா?" என்று கேட்டாள்.

இரண்டு மாதமாக வண்டி சரியில்லை. கியரைப் போட்டால் இரண்டு மூச்சு விடும் நேரம் சும்மா நிற்கும். பிறகுதான் நகரும். மேடு ஏறும்போது உதறும்.

"வண்டியும் உன் கதை மாதிரி யோசிக்க ஆரம்பிச்சிருச்சுடா" என்றாள்.

3

இந்த இடத்தில் அத்தான் வர வேண்டும். இவரைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் நானாகக் கட்டிவிட்டேன் என்பீர்கள்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். கீழ்வரி தெரிகிறதா, இந்தக் கண்ணாடியில் தெளிவா அந்தக் கண்ணாடியில் தெளிவா என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார்.* ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிப்பதற்கு முன்னால் வண்டியின் மூடியைத் திறப்பார். கியர் ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைப்பார். திரும்ப விட்டு எடுத்து, அளவு பார்ப்பார். பிறகு கம்பியைத் துணியில் ஒற்றி நிறம் பார்ப்பார். இந்த ஆயில் நல்ல நிலையில் இருந்தால் சிவப்பாக இருக்கும். கெட்டால் பழுப்பாகிவிடும். அதை அவர் எங்கோ படித்திருந்தார்.

"நல்ல செவப்பு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார்.

வண்டியை விற்றவன், இது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில் என்று சொல்லி விற்றிருந்தான். ஆறு வருடம், ஏறக்குறைய முன்னூறு ஞாயிறு. ஒவ்வொரு வாரமும் அவன் சொன்னது உண்மையாகிக்கொண்டே வந்தது.

(* கண் பரிசோதகர் என்பதை மாற்றிக் கணக்காளர் என்று போட்டுப் பார்த்தேன். கதைக்கு நம்பகம் கூடியது. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.)

4

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னார். பத்து நிமிடம் ஓட்டிவந்த சூடு இருந்தது. இன்ஜினை அணைக்க வேண்டாம் என்றார். அக்கா பிரேக்கை மிதித்துக்கொண்டு, லீவரை ஒவ்வொரு கியராகத் தள்ளித் தள்ளி நிறுத்தி, பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான் கம்பியைத் தொட்டார்.

அத்தான் முகம் மாறியது. அவர் பார்த்ததெல்லாம் இன்ஜின் அணைந்து, ஆறிக்கிடந்த வண்டியில். அப்போது மேலே இருக்கிற ஆயிலும் கீழே இறங்கி உட்கார்ந்துவிடுமாம், அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டுமாம். ஓடுகிற இன்ஜினில் பார்த்தால் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே.

அளவு போனால் போகட்டும், நிறம் பாருங்கள் என்று அத்தான் தன் துணியை நீட்டினார். மெக்கானிக் கம்பியை அதில் ஒற்றினார். சிவப்புதான். அவர் துணியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

"சார், இந்தத் துணியே என்ன நிறம்?"

மெக்கானிக் பில் புத்தகத்தில் ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து ஒரு சொட்டு விட்டார். கடுங்காப்பி நிறம். கருகிய வாசனை.

5

(இங்கே மெக்கானிக்கை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தேவையில்லாமல் மிரட்டிக் காசு பிடுங்குகிறவர், தங்கப்பல். அந்த மனுஷன் நமக்கு என்னடா கெடுதல் பண்ணினார் என்று அக்கா கேட்டாள். பல்லைப் பிடுங்கிவிட்டேன்.)

அவர் சொன்னது இதுதான். சுமை ஏற்றுகிற வண்டிக்கு அறுபது, எழுபதாயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றியிருக்க வேண்டும். இது ஒன்றரை லட்சம் ஓடிவிட்டது. உள்ளே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற தகடுகள் தேய்ந்திருக்கும். தேய்ந்த தூள் கலந்த பழைய ஆயில்தான் அந்தத் தகடுகளுக்கு இப்போது பிடிமானமே. சுத்தமான ஆயிலை விட்டால் சில வண்டி வழுக்கிக்கொண்டு நின்றேவிடும்.

"மாத்தினா போனாலும் போகலாம், மேடம். மாத்தலேன்னா போயே தீரும்."

"மாத்துங்க" என்றாள் அக்கா.

(என் கதைகளில் ஒருத்தி இப்படி ஒரு முடிவுக்கு வர நாற்பது பக்கமாவது ஆகும்.)

அடியில் ஆயில் தேங்குகிற தட்டை மெக்கானிக் கழற்றினார். தட்டில் ஒட்டியிருந்த காந்தத்தைத் துடைத்து, அதிலிருந்த சாம்பல்நிற விழுதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். மாவாக இருந்தால் வெறும் தேய்மானம், சில்லு சில்லாக இருந்தால் எதையோ இழந்துவிட்டோம் என்று அர்த்தமாம். மாவுதான். ஆனால் அதற்குள் ஒரே ஒரு மினுக்கு. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வடிந்தது நாலரை லிட்டர். மீதிப் பாதி உள்ளேயே தங்கிவிடும் என்றார். மெஷின் வைத்து ஒரேயடியாகக் கழுவித் தள்ளினால் இந்த வயசுக்குத் தாங்காது. புது வடிகட்டி போட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அதே ரக ஆயிலை, வடிந்த அளவுக்கே விடுவது. இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வடிப்பது. அப்படி மூன்று முறை.

அத்தான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார்.

"முன்னூறு வாரம் பார்த்தேன்" என்றார். "உன் வண்டியை நான்தான் கெடுத்தேன்."

அக்கா காலை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"துணி நான் குடுத்தது. வெள்ளைத் துணியில கறை தெரியுதுன்னு பழைய செவப்புத் திரைச்சீலையைக் கிழிச்சு நான்தான் குடுத்தேன். நீங்க துணியைப் பார்த்தீங்க, நான் கறையைப் பார்த்தேன். அவ்வளவுதான்."

(இதை இத்தனை நேரம் ஒளித்துவைத்திருந்தேன். ஒரு ஞாயிறு அத்தானுக்கு டார்ச் பிடித்தவன் நான். குனிந்து பார்த்துவிட்டு "நல்ல செவப்பு" என்று நானும் சொன்னேன். எழுத்தாளனுக்குக் கண் கூர்மை என்று நேர்காணலில் சொன்னது அதற்கு அடுத்த வாரம்.)

6

முடிவு ஒன்று: கியர் போட்டதும் வண்டி வெண்ணெயாக நகர்ந்தது. 

முடிவு இரண்டு: இன்ஜின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "நகர்ந்துச்சுன்னு எழுதினா, ஒன்றரை லட்சம் வரைக்கும் விடலாம் போலன்னு சும்மா இருந்துடுவாங்க. நின்னுடுச்சுன்னு எழுதினா, பயந்துபோய் மாத்தவே மாட்டாங்க. நீ ஒண்ணும் எழுதாதே. அவங்கவங்க போய் அவங்க வண்டியைப் பார்க்கட்டும்." பதினொரு வருடத்தில் முடிவுகளைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

அதனால் அதற்கு முந்தைய நிமிடம் வரைக்கும் சொல்லிவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.

புது ஆயில் விட்டாயிற்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்போலவே ஒவ்வொரு கியராகத் தள்ளி எடுத்தாயிற்று. மெக்கானிக் கம்பியை அத்தானிடம் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார். அத்தான் துணிக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்து, முழங்காலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணிக்கட்டை அவிழ்த்து, கதவு வழியாக நீட்டினாள். அவர் ஒற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் மங்கல். ஆனா செவப்பு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முன்னால் இடமில்லை. நீங்கள் பின்னால் செடியோடு செடியாக ஏறிக்கொள்ளுங்கள், தொட்டிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்கா கியரைப் போட்டுவிட்டாள். பிரேக்கிலிருந்து கால் எழுகிறது. ஒரு மூச்சு விடுங்கள். இரண்டாவது மூச்சை விடுவதற்குள்