முகம் தெரியும் உயரம்

என் அம்மாவுக்குப் பூவில் இரண்டே ரகம்தான் தெரியும்: வாடியது, வாடாதது. அவள் திடீரென்று, “மேஜை நடுவுல வெக்கிற பூ நல்லா உயரமா இருக்கட்டும்டி, அடர்த்தியா” என்றபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. தம்பிக்குப் பெண் முடிவாகி, பெண் வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணை அம்மாதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்; நான் இன்னும் பார்க்கவில்லை. மேஜைப் பூ என் பொறுப்பு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“உயரமா வெச்சா எதிர்ல இருக்கறவங்க முகம் தெரியாதும்மா. பூவோட பேசவா வர்றாங்க?”

“சொன்னதைச் செய்யேன். எல்லாத்துக்கும் ஒரு எதிர்ப்பாட்டு.”

மேஜைப் பூவுக்கு அளவுகோல் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, முஷ்டியைத் தாடைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முஷ்டிக்கு மேலே ஒரு இதழ்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. பூக்கடை தொடங்கிய புதிதில் நானும் என் பார்ட்னரும் கண்டுபிடித்த அளவு இது. உட்கார்ந்து அளவு காட்டுவது தம்பி. வேலை தேடுகிறேன் என்ற பெயரில் எங்கள் கடையில்தான் பொழுதைப் போக்குவான்.

“டேய், கையை வை” என்பேன். வைப்பான். “முகம் தெரியுதா?”

“தெரியுதுக்கா. பாக்கத்தான் சகிக்கல.”

பார்ட்னர் என்றுதான் அவளைக் கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான். எனக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்துக் கிடந்தபோது சூப் கொண்டுவந்து ஊட்டியவள். நான் எழுந்து நடமாடுவதற்குள் கடை அவள் கைக்குப் போயிருந்தது. எங்களிடம் பூ வாங்கிய ஓட்டல்கள் எல்லாம் அவள் பக்கம். கூடவே இருந்து குழி பறிப்பது என்று அதைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு என்னைவிட அதிகமாகக் கொதித்தவன் தம்பி. “ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்க்கா” என்று செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கிளம்பினான். போனவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். வாசலோடு துரத்திவிட்டாளாம். எனக்காக அவமானப்பட்டானே என்று அவன் தோளில் சாய்ந்து அழுதேன்.

அவனுக்கான பூ என்பதால் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தண்டுகளைச் செருகும் பச்சை ஸ்பாஞ்சை நீரில் ஊறவைத்து, அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் பொருத்தினேன். தண்டுகளைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் படும் இலைகளை உருவினேன். நடுவில் சம்பங்கி, சுற்றிலும் வெள்ளை ரோஜா, ஓரங்களில் லில்லி. மலர்ந்த லில்லிகளின் மகரந்தத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். அந்தத் தூள் மேஜைவிரிப்பில் விழுந்தால் கறை லேசில் போகாது. கத்தரியைப் பின்னால் அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். எதிர் நாற்காலியே தெரியவில்லை. வேண்டாவெறுப்பாக அப்படியே விட்டேன்.

வாசலில் கார் சத்தம் கேட்டதும் அம்மா என்னைச் சமையலறைக்குத் தள்ளினாள். “நீ போய்ப் பாத்திரத்துல எடுத்து வை. நான் அவங்கள உக்கார வெக்கிறேன்.” நான் வெளியே வந்தபோது எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம். வெளியூர்க்காரர்கள், பார்த்த முகமில்லை. என்னை அம்மா கையோடு இந்தக் கோடி நாற்காலியில் அமர்த்தினாள். எதிர்க்கோடியில் பெண். அவளோடு ஒட்டினாற்போல் தம்பி. பூவுக்கு வெளியே அவன் காது மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“பொண்ணு ரொம்பக் கூச்சப்படுவா” என்றார் பெண்ணின் அம்மா.

“பூவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா எப்படிம்மா?” என்று நான் பூவைப் பார்த்துக் கேட்டேன். “நான் ஒண்ணும் பொல்லாத நாத்தனார் இல்ல.”

சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் தட்டில் அவசரமாக இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள்.

மின்விளக்கின் சூட்டில், அந்தப் பக்கம் மொட்டாக இருந்த ஒரு லில்லி விரிந்திருக்க வேண்டும். பூவின் ஓரமாக ஒரு கை வந்தது. யோசிக்காமல், இரண்டு விரலால் லில்லியின் மகரந்தத்தைக் கிள்ளி எடுத்தது. சாப்பிட வந்த விருந்தாளி எவளும் அதைச் செய்ய மாட்டாள். கட்டைவிரலில் பூக்கட்டும் கம்பி கிழித்த தழும்பு இருந்தது. அந்தக் காயத்துக்குக் கட்டுப் போட்டதே நான்தான்.

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. நியாயம் கேட்கப் போனவன் சம்பந்தம் பேசிவிட்டு வந்திருக்கிறான்.

“சாப்பிட்டு முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லலாம்னுதான்...” என்றாள் அம்மா. என் முகத்திலேயே எல்லாம் தெரிந்திருக்கும்.

“உயரமா வெக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

அம்மாவின் கண் தம்பி பக்கம் போய்த் திரும்பியது.

பார்ட்னர் குழி பறித்தது பழைய கதை. அதில் விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாயிற்று. இது அப்படியில்லை. எந்த உயரத்தில் முகம் தெரியும், எந்த உயரத்தில் மறையும் என்று அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது. என் விரலை வைத்தே என் கண்ணைக் குத்திவிட்டான்.

கையைக் கழுவிவிட்டு வந்து கத்தரியை எடுத்தேன்.

“அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“டேய், கையை வை.”

பழக்க தோஷம். முழங்கையை ஊன்றினான். முஷ்டி தானாகத் தாடைக்குப் போனது.

வெட்டினேன். சம்பங்கி முதலில் விழுந்தது, பிறகு ரோஜாக்கள். பெண்ணின் அப்பா தன் தட்டை இழுத்துக்கொண்டார். முதலில் வெளியே வந்தது பார்ட்னரின் முகம். அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அந்த முகம் தேவைப்படவில்லை. இன்னும் வெட்டினேன். அவன் முஷ்டிக்குச் சரியாகப் பூ இறங்கியதும் கத்தரியை வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“முகம் தெரியுதா?” என்று கேட்டேன்.

முஷ்டியை எடுத்துவிட்டான். குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.