தலையில் மட்டும் அடிக்காதீர்கள்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரில் டாக்டர் ரங்கசாமி அந்த ஆஸ்பத்திரியைத் திறந்தபோது ஊரே சிரித்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அங்கே இடமில்லை. நாய், பூனை, முயல், கிளி, அவ்வளவுதான். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, பல் சுரண்டுவது, வயிற்றைக் கிழித்துக் குட்டி எடுப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். மில் ஆபீசர்கள் ஜீப்பில் நாயை ஏற்றிக்கொண்டு வருவார்கள். "மன்சனுக்குக் கையி ஒடஞ்சா பொன்னேரிக்கு ஓடணும். நாய்க்கு ஒடஞ்சா வாசல்லயே ஆஸ்பத்திரி" என்று டீக்கடையில் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை.

டாக்டர் பட்டாளத்தில் வைத்தியம் பார்த்து ரிட்டையர் ஆனவர். கம்பவுண்டர் இராமலிங்கம் மருந்து கலக்குவார். கூண்டு கழுவுகிறவள் என் பெண்சாதி சாராள். மிருகத்தைப் பிடித்து அமுக்குகிற வேலை எனக்கு. செங்கல் சூளையில் முதுகு போன பிறகு கிடைத்த வேலை அது. நாய் செங்கல்லை விடக் கனம் குறைவு, ஆனால் செங்கல் கடிக்காது.

எழுபத்திரண்டில் இரும்பு மில்லில் லாக்-அவுட், ஆட்களை உள்ளே விடாமல் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஆட்கள் மேல் மில்லின் காவல் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கன்றுக்குட்டி உயரம் இருக்கும் செவலை நாய். அது கோபால் என்கிற பையனின் தொடைச் சதையைப் பிய்த்து எடுத்துவிட்டது. ஆட்கள் கம்பியால் அடித்ததில் நாயின் பின்னங்கால் முறிந்தது. வாட்ச்மேன் அதைக் கோணியில் சுற்றி, தள்ளுவண்டியில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தான்.

மேஜையில் கிடத்தி, வாயைச் சுற்றி நாடா கட்டினேன். எச்சில் ஏகமாக வழிந்தது. நாடா வழுக்கியது. காலுக்கு வைத்துக் கட்டுகிற பலகையைச் சாராள் நீட்டினாள். நாய் தலையைத் திருப்பி அவள் உள்ளங்கையைக் கவ்வியது. கவ்விய பிடியை விடவில்லை. அவள் கத்தவும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதே பலகையை நாயின் வாய்க்குள் விட்டு நெம்பினேன். அதன் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து தெறித்தது. அவள் கை வெளியே வந்தபோது சுண்டு விரலின் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

டாக்டர் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். நாயின் குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி கீச்சிட்டதை அவர் கவனித்திருந்தார். வெறி பிடித்தால் குரல் அப்படித்தான் மாறுமாம்.

"வலியில கடிச்சுதா, வெறியில கடிச்சுதான்னு எனக்குத் தெரியல. இன்னைக்கே தொப்புள் ஊசி ஆரம்பிச்சுடு" என்றார்.

"மாட்டேன் சாரு."

"உசுரு போயிடும் சாராள்."

"எங்கக்காவுக்கு அந்த ஊசி போட்டுத்தான் ரெண்டு காலும் பூடுச்சி. குந்தின எடத்துலயே கீது. அத்தத் தூக்கிப் போயி கழுவறது எங்கம்மாதான். நாய்க்கு வெறின்னு தெரிஞ்சா போட்டுக்கறேன். சும்மானாச்சிக்கும் போட்டுக்க மாட்டேன்."

நான் கெஞ்சினேன். "நீ இன்னாயா, உன் காலா போவப் போவுது" என்றாள்.

நாயை அப்போதே கொன்று மூளையைப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். நோய் இருந்தாலும், முற்றுவதற்கு முன்னால் அறுத்தால் மூளையில் தெரியாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறி என்றால் சீக்கிரத்தில் தானாகவே சாகும். செத்ததும் தலையை மெட்ராஸில் வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பினால் அறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். "தலை முழுசா இருக்கணும் மோசஸ். மண்டை சிதறிட்டா ஒண்ணும் பாக்க முடியாது."

அன்றிலிருந்து அந்தப் பாழாய்ப்போன நாயின் உயிருக்கு நான் காவல்.

மூன்றாம் நாள் காலையில் அது தண்ணீரைத் தொடவில்லை. கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து ஈறெல்லாம் ரத்தம். ஊருக்குள் வேறு பேச்சு ஓடியது. மில் நாய்க்கு இங்கே பாலும் கறியும் கொடுத்துக் காலைச் சரி பண்ணுகிறோமாம், திரும்பவும் கேட்டில் அவிழ்த்துவிடப் போகிறார்களாம். நாஷ்டா நேரத்துக்குக் கோபாலின் அண்ணன் முனிகிருஷ்ணன் இருபது முப்பது ஆட்களோடு வந்துவிட்டான். எல்லோர் கையிலும் கம்பி.

இராமலிங்கம் மருந்து ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். டாக்டர் வாசலை மறித்து நின்றார்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்க. நானே கொன்னு குடுக்கறேன்."

"மொதலாளி நாய்க்கு நீ வக்காலத்தா?" என்றான் முனிகிருஷ்ணன். கம்பி இறங்கியது. டாக்டரின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணாடி அலமாரி உடைந்தது. ஊசிகளும் சீசாக்களும் அவர்கள் காலடியில் நொறுங்கின.

"முனிகிருஷ்ணா, உன் தம்பிக்கும் அதே பல்லுதாண்டா பட்டுது. கேளுடா" என்றேன். என் வாயிலேயே குத்தினான். கீழுதடு கிழிந்தது.

கூண்டுப் பூட்டை உடைத்தார்கள். சங்கிலியை இழுக்க முனிகிருஷ்ணன் உள்ளே கை விட்டான். கூண்டுக் கம்பியின் முனை அவன் முழங்கையைக் கீறியது. நாயின் நுரை அந்தக் கீறலிலேயே வழிந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. நாயைத் தரதரவென்று பின்கட்டுக்கு இழுத்தார்கள். முதல் அடி முதுகில் விழுந்தது. அது முன்னங்கால்களால் மண்ணைப் பறித்துக்கொண்டு திரும்பி, அந்தக் கம்பியையே கடித்தது.

நாயை அடிக்கிறவன் எவனும் அடுத்த அடியை மண்டையில்தான் போடுவான். எனக்கு அது தெரியும்.

சுவரோரம் நாய் குளிப்பாட்டும் தகரத் தொட்டி இருந்தது. அதைத் தூக்கி நாயின் தலைமேல் கவிழ்த்து, அதன்மேல் படுத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து தலை என் நெஞ்சுக்குக் கீழே இடித்தது. தொட்டிக்கு வெளியே கிடந்த உடம்பில் அடி விழுந்தது. தொட்டியில் விழுந்தது. என்மேலும் விழுந்தது.

"தலையில மட்டும் அடிக்காதீங்கடா" என்று கத்தினேன். "ஒடம்ப இன்னா வேணாலும் பண்ணுங்க. தலைய விட்டுடுங்க."

"நாய்க்கு மச்சான்டா இவன்" என்று ஒருத்தன் சிரித்தான்.

எனக்கு விலாவில் ஏதோ உடைந்தது. மூச்சை இழுத்தால் பாதிதான் வந்தது. ஒருத்தன் என் காலைப் பிடித்து இழுத்தான். தொட்டி நகர்ந்தது. அந்தச் சந்தில் நாயின் வாய் வெளியே வந்து என் முன்கையில் பதிந்தது. நான் தொட்டியை விடவில்லை.

அப்போது சாராள் கூட்டத்துக்குள் புகுந்து, முனிகிருஷ்ணன் ஓங்கிய கம்பியை நல்ல கையால் பிடித்தாள். கடிபட்ட கையின் துணிக்கட்டை வாயால் கடித்து அவிழ்த்து, அந்தப் புண்ணை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இத்தப் பாரு. இதே நாயி. இது வெறிநாயா இருந்தா நானும் சாவேன், உன் தம்பியும் சாவான். அவனுக்கு ஊசி போட்டாங்களா?"

"தையல் போட்டாங்க" என்றான். "ஊசிக்கும் கேட்டாங்க. மில்லு நாய்க்கு ஏது வெறின்னுட்டோம்."

"அது வெறியா இல்லியான்னு அந்தத் தலைதான் சொல்லணும். அத்த நசுக்கிட்டு உன் தம்பிக்கு இன்னா பதில் சொல்லுவ? ஒடைக்கிறதுன்னா ஒடை."

கம்பியை அவன் கீழே போட்டான். அதற்குள் நாயின் முதுகெலும்பு எத்தனையோ துண்டாகியிருந்தது. தொட்டிக்குள் இடிப்பது நின்றிருந்தது.

டாக்டருக்குக் கை வீங்கிப்போய்க் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. எங்கே வெட்டுவது என்று அவர் சொல்ல, ரப்பர் உறை போட்டுக்கொண்டு நான்தான் தலையை அறுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் என் விலா குத்தியது. தாழைத் திறந்துகொண்டு வந்த இராமலிங்கம் நாயின் காதைப் பிடித்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டே. கழுத்து எலும்பு லேசில் விடவில்லை. அடிக்க வந்த ஆட்களில் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு வேலியோரம் போய் வாந்தி எடுத்தார்கள்.

பழவேற்காட்டு மீன் வந்து இறங்குகிற இடத்தில் முனிகிருஷ்ணன் ஐஸ் வாங்கி வந்தான். டப்பாவில் மூடிய தலையை மீன் கூடைக்குள் ஐஸுக்கு நடுவில் வைத்தோம்.

"நானே எடுத்துக்கினு போறேன்" என்றான்.

மெட்ராஸ் பாசஞ்சரில் மடிமேல் கூடையை வைத்துக்கொண்டே போனானாம். எதிரே இருந்த கிழவி, இறால் என்ன விலை என்று கேட்டாளாம். மறுநாள் மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி வந்தான். வாசலிலேயே நின்றான். உடைந்த சீசாத் துண்டுகளைச் சாராள் இடது கையால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வெறிதான்" என்றான்.

சாராள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "உன் தம்பிய வண்டியில ஏத்து. நான் பொடவ மாத்திக்கினு வரேன்."

பொன்னேரி ஆஸ்பத்திரி பெஞ்சில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். கோபால், சாராள், கை கடிபட்ட நான், நுரை பட்ட முனிகிருஷ்ணன். தினம் ஆளுக்கு ஓர் ஊசி, தொப்புளைச் சுற்றி. வயிறு பலாக்காய் மாதிரி தடித்துப்போனது. முனிகிருஷ்ணன் சட்டையைத் தூக்கும்போது கை நடுங்கும்.

"இன்னா முனிகிருஷ்ணா, நாய அடிக்கசொல்ல இந்த நடுக்கம் வரலியே" என்பாள் சாராள்.

"உடு அக்கா" என்பான் அவன்.

கடைசி ஊசி போட்ட அன்று ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தோம். அவள் முன்னால் போனாள். அவள் அக்காவுக்குக் கால் விழுந்தது கடைசி ஊசிக்கு அப்புறந்தான். தண்டவாளத்தைத் தாண்டும்போது அவள் இடது கால் மடங்கியது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "வாரு அறுந்துடுச்சுய்யா" என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஜல்லியில் நடந்தாள். அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன்.