அடித்தூள்

மிக்சர் செய்வதில் பொரிப்பது பாதி வேலைதான். மீதி வேலை, சூடு ஆறுமுன் தூள் போட்டுப் பிரட்டுவது. மேலே எண்ணெய்ப் பசை இருக்கும்வரைதான் உப்பும் மிளகாயும் ஒட்டும். பிந்தினால் எல்லாம் அடியில் இறங்கிவிடும். இறங்கிய அந்த அடித்தூளை யாரும் வீசுவதில்லை. நேற்றையதில் ஒரு பிடியை இன்றையதில் கலந்தால் ருசி ஏறும். கொழும்பு ஆட்கள் மரவள்ளிச் சீவலைக் கூடுதலாகப் போடச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தார் உறைப்புக் கேட்பார்கள். கனமூலையில் மிக்சர் போட்டு விற்கும் றம்லாவுக்குப் பேர் வாங்கித் தந்தது மாசிக்கருவாட்டுத் தூள்.

உடப்பு ஊரிலிருந்து வரும் வாடிக்கைக்காரி காளியம்மை மட்டும் இம்முறை மாசி வேண்டாம் என்றிருந்தாள். படகு கவிழ்ந்தும் உயிரோடு கரைசேர்ந்த புருஷனுக்காகத் தீமிதிக்க நேர்ந்து, மீன் தொடாத விரதத்தில் இருந்தாள். றம்லா புது எண்ணெயில், கழுவிய தாச்சிச் சட்டியில், வேறு தூள் அரைத்துச் செய்தாள். காலையில் காளியம்மை வந்து இரண்டு கிலோ வாங்கிப் போனாள்.

பகலில் றம்லா அடித்தூள் டப்பாவைத் திறந்தாள். நேற்று நிறைந்திருந்த டப்பாவில் ஒரு பிடி குறைந்திருந்தது. பழகிய கை, மாசி கலந்த அந்தத் தூளைக் காளியம்மையின் மிக்சரிலும் தானாகவே அள்ளிப் போட்டிருக்கிறது.

"அவ கண்டுபிடிக்கவா போறா? பேசாம இரி," என்றான் புருஷன் றஸீன்.

"நாளையிண்டைக்கு அவ நெருப்பில காலை வைக்கப்போறா. நான் எப்பிடிப் பேசாம இரிக்கிற?"

தொலைபேசியை எடுத்தாள்.

"காளியக்கா, அந்த மிக்சர்ல மாசி விழுந்திட்டு. என்ட கைப்பிழை. திண்டீங்களா?"

மறுமுனையில் மெல்லிய குரல் வந்தது.

"திண்டன் தங்கச்சி. நல்லாயிருக்கெண்டு ரெண்டாந்தரமும் அள்ளினன்."

"அல்லாஹ்வே!"

"இனி நான் மிதிக்கேலாது. அடுத்த வருஷம் பாப்பம். ஆனா என்னோட மிதிக்கிற விரதக்காரப் பொம்பளையள் அஞ்சு பேருக்கும் பங்கு குடுத்திட்டன்."

காளியம்மை திட்டியிருந்தாலாவது றம்லா தாங்கியிருப்பாள்.

"நீங்களே அவங்களுக்குச் சொல்லுவீங்களா, அக்கா?"

"நான் சொன்னா, தனக்கு மிதிக்கேலாத பொறாமையில தடுக்கிறாளெண்டுவாளுகள். நீ வந்து சொல்லு. நான் பக்கத்தில நிக்கிறன்."

"ஓம்," என்றாள் றம்லா. அபாயாவை மாட்டினாள். றஸீனிடம் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, உடப்பு பஸ் பிடிக்க வெயிலில் இறங்கினாள். ஐந்து வீட்டு வாசலிலும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். முதல் வீட்டில் எப்படித் தொடங்குவது என்றுதான் வழி நெடுகத் தெரியவில்லை.