அம்மாவின் ஒரே சொல்லும் என் நாலு வரைவுகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் கதை கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கைவசம் ஒன்றுமில்லை. அந்த வாரம்தான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. மருத்துவமனை நடையில் அழுதுகொண்டு நின்றபோது, 'அட, கதை கிடைத்துவிட்டதே!' என்று எனக்குள் ஒருவன் கை தட்டினான். இதை எழுதுவது அவன்தான். அழுதவன் வேறு ஆள். அவனுக்கு எழுத வராது.

2

முதல் வரைவின் தொடக்கம்: 'அந்தி வெயில் சன்னலில் கசிந்தபோது, அம்மாவின் உதடுகளில் ஒரு மௌனம்...'

(வேண்டாம். அந்த அறைக்குச் சன்னலே கிடையாது.)

இரண்டாவது: 'காலம் என்பது ஒரு...'

(ஒரு என்ன? எனக்கும் தெரியவில்லை.)

மூன்றாவது: அம்மா ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் ரத்தம் எடுத்தவள். எந்தக் கையானாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள்.

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

மருத்துவமனையிலிருந்து அவளை ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினோம். முதல் மாடியில் தேறி வருகிறவர்கள். மூன்றாவது மாடியில், இனித் தேற மாட்டார்கள் என்று முடிவு கட்டப்பட்டவர்கள். ஆறு வாரம் கழித்து டாக்டர் வந்து பார்ப்பார். முன்னேற்றம் இருந்தால் முதல் மாடியிலேயே பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் லிஃப்ட்.

பேச்சில் அம்மாவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "போடா."

டாக்டரம்மாவுக்கும் போடா, தரை துடைக்கிற பெண்ணுக்கும் போடா, தொலைக்காட்சிக்கும் போடா. ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் இரண்டாவது முறை குத்தியபோது வந்த போடா மட்டும் தொழில்முறை விமர்சனம்.

"வாய்க்கு நல்லாப் பழகின வார்த்தைதான் முதல்ல திரும்பி வரும்" என்றார் பேச்சுப் பயிற்சியாளர். "வீட்டுல யாரை அடிக்கடி அப்படிச் சொல்லுவாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

3

முதல் இரண்டு வரைவுகளிலும் அக்கா கிடையாது. அவள் உள்ளே வந்தால் நான் அவ்வளவு நல்லவனாகத் தெரிய மாட்டேன் என்பதுதான் காரணம். (அழகியல் காரணங்களும் உண்டு. யாராவது கேட்டால் யோசித்துச் சொல்கிறேன்.)

அக்கா வாரத்தில் நாலு நாள், வேலை முடிந்து வருவாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில், நோட்டுப் புத்தகத்தோடு. அம்மாவுக்குத் தலை வாரி, சட்டை மாட்டி, ஊட்டி, வாய் துடைப்பேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மாள். அதை வரைவில் இரண்டு இடத்தில் சேர்த்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அம்மா இடது கையில் கரண்டியைப் பிடித்துப் போராடிக்கொண்டிருந்தாள். பாதிச் சாப்பாடு மடியில். எதிரே அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஊட்டி விட்டா என்ன கொறஞ்சா போயிடுவே?"

"பேசாம உக்காரு."

நான் உட்காரவில்லை. கரண்டியை வாங்கினேன். அம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். அக்கா எழுந்து வெளியே போனாள்.

அன்று எழுதியது: 'அக்காவின் நெஞ்சம் கல்லால்...'

(இதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.)

4

ஐந்தாவது வாரம் உடற்பயிற்சி கற்றுத்தரும் பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் அவருக்கு 'விசில்' என்றே பேர்.

"சார், நீங்க ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போனா எனக்கு ரெண்டு நாள் வேலை வீண்."

"நான் என்ன செஞ்சேன்?"

"எல்லாத்தையும் நீங்களே செஞ்சிடறீங்க. அவங்க கை பழகினதையும் மறந்துடுது. எவ்வளவு நேரமானாலும் பக்கத்துல இருங்க, கை மட்டும் குடுக்காதீங்கன்னு முதல் நாளே சொன்னேனே. நீங்ககூட நோட்டுல எழுதிக்கிட்டீங்க."

நோட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியில் இருந்தது இவ்வளவுதான்: 'கழுத்தில் விசில். வாத்து நடை. பாத்திரமாக்கலாம்.'

அன்று மாலை அக்காவிடம் கேட்டேன்: "தானே சாப்பிட முடியும்னா, நான் ஊட்டும்போது அம்மா ஏன் வாயத் தெறக்கறா?"

"தெறக்கலன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே. அதான்."

நோயாளி யார் என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

5

டாக்டரம்மா வந்தார். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை ஒன்றைக் கட்டிலில் வைத்து, "போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா எடுக்கும்போது சட்டை நழுவிக் கீழே விழுந்தது. நான் பாய்ந்து குனிந்தேன்.

"போடா!"

அர்த்தத்தில் குழப்பமே இல்லை. இடது கை வாசலைக் காட்டியது.

"சொல்றாங்கல்ல, போங்க சார்" என்று விசில் கதவைச் சாத்தினார்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அம்மா மெதுவாகக் குனிந்து சட்டையை எடுத்தாள். மடியில் விரித்தாள். விளங்காத வலது கையைக் குழந்தையைப் போல எடுத்து முதலில் அதைச் சட்டைக் கைக்குள் நுழைத்தாள். பிறகுதான் நல்ல கை.

இத்தனை ஞாயிறும் நான் நல்ல கையை முதலில் மாட்டிவிட்டு, மற்றதை முறுக்கித் திணித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பை நான் 'நினைவுகளின் வலி' என்று எழுதி வைத்திருந்தேன்.

பதினாலு நிமிடம். ஐந்து பொத்தானில் மூன்று. இன்னும் எட்டு வாரம் முதல் மாடியிலேயே பயிற்சி என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். நான் நடையில் நின்று அழுதேன். அன்று எனக்குள் யாரும் கை தட்டவில்லை.

6

மூன்றாவதைத் திருத்தி எழுதிய நாலாவது வரைவுக்கு முடிவு வேண்டும்.

ஒன்று: கதவு திறக்கிறது. அம்மா என்னைப் பார்த்து "வாடா" என்கிறாள். (பத்திரிகைக்காரர் அழுதுவிடுவார். ஆனால் அவள் சொல்லவில்லை.)

இரண்டு: அக்காவும் நானும் கட்டிக்கொண்டு... (அக்கா சொன்னது இது: "என்னைத் தெய்வம் கிய்வம்னு எழுதி வெச்சுடாதே. செவ்வாய்க்கிழமை இனிமே நீ வா. நோட்ட வீட்டுல வெச்சுட்டு வா." சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.)

மூன்று: நடந்தது. செவ்வாய்க்கிழமை போனேன், வெறுங்கையோடு. சாப்பாடு வந்தது. முதல் கரண்டி கன்னத்தில். இரண்டாவது மடியில். மூன்றாவதைத் தூக்கிப் பாதி வழியில் நிறுத்தி அம்மா என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள் என்றா, தொட்டால் தெரியும் சேதி என்றா, தெரியவில்லை. என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத மாட்டேன். அது அவள் சாப்பாடு, என் கதை இல்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்றால் அங்கே இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். ஒன்றே ஒன்று: தயவுசெய்து உதவி செய்துவிடாதீர்கள்.