சுப்பிரமணியத்தின் நாரை

2005ஆம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து சைனிக்புரியில் சுப்பிரமணியம் எங்கே போனாலும் அவருக்குப் பின்னால் ஒரு சாம்பல் நாரை நடந்துபோனது. பால் பூத்துக்குப் போனால் அங்கே வரும், பாங்க்குக்குப் போனால் வாசலில் காத்திருக்கும். அவர் நின்றால் அதுவும் நின்று, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அவர் முதுகையே பார்க்கும். அதே மாதத்தில்தான் காலனியில் கேபிள் போடப் பள்ளம் தோண்டினார்கள், வாடகையும் ஏறியது. ஜனங்கள் பள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் புலம்பினார்கள். நாரை யாரையும் கொத்தவில்லையே, அப்புறம் என்ன?

சுப்பிரமணியமும் அவர் மனைவி கனகவல்லியும் திருவாரூர்ப் பக்கத்து மனிதர்கள். சாஃப்ட்வேரில் இருந்த மகன் இந்தத் தெலுங்கு ஊரில் வீட்டை வாங்கி இவர்களைக் குடிவைத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டான். மகள் பிரசன்னா, லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ஜேம்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, நாலு மைல் தள்ளி லோத்குண்டாவில் இருந்தாள். "மீன் திங்கற ஆத்துக்குப் போனவ இந்த வாசப்படி மிதிக்கப்படாது. நீயும் அங்க போகப்படாது" என்று சுப்பிரமணியம் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. கனகவல்லி போகவில்லை. பஸ் லோத்குண்டாவைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். அதற்கும் அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

கனகவல்லியை உறுத்தியது நாரை இல்லை, வியாழக்கிழமை. வாரா வாரம் சாய்பாபா கோயிலுக்கு என்று கிளம்புகிறவர் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். கையில் உதிப் பிரசாதம் இருக்காது. வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவார். சாப்பாடு வேண்டாம் என்பார். முகம் மட்டும் தெளிந்திருக்கும். அறுபத்தாறு வயசு ஆம்பளைக்கு வாரா வாரம் முகம் தெளிந்தால் என்ன அர்த்தம்? எதிர்வீட்டுப் புஷ்பா சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொன்னாள்: "ஆம்பளைங்களை எந்த வயசுலயும் நம்பப்படாது மாமி." கனகவல்லி அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவருடைய சட்டைப் பையைத் துழாவினாள்.

புரட்டாசியில் இன்னொன்று சேர்ந்தது. கட்டிலில் படுத்தவர் விடியும்போது கூரையை ஒட்டி மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார், போர்வை கீழே தொங்கியது. கனகவல்லி முதலில் ஃபேனை நிறுத்தினாள். அப்புறம்தான் கேட்டாள்: "எவ கையால என்ன சாப்ட்டேள்? மருந்து வெச்சுட்டாளா?"

"அசடே, வாயுத் தொந்தரவு" என்றார் அவர், கூரையிலிருந்து.

எவளோ மருந்து வைத்திருக்கிறாள் என்று கனகவல்லி முடிவே கட்டிவிட்டாள். மந்திரிக்கிறவன் யாராவது கிடைப்பானா என்று விசாரித்து, கடைசியில் மீன்வளத் துறையில் ரிட்டையரான பத்மநாபனிடம் போனாள், நாரைக்காவது அவரிடம் பதில் இருக்கும் என்று. மிதப்பதையும் சேர்த்துச் சொன்னாள். பத்மநாபன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"குளத்து மீனுக்கு வர்ற புழு மாமி இது. புழு பிடிச்ச மீன் அடியில தங்காது, மேல வந்து மிதக்கும். நாரை பார்த்து முழுங்கிடும். நாரை வயித்துக்குள்ள போனாத்தான் அந்தப் புழு பெருகும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்."

"இவருக்கு எப்படி வரும்?"

பத்மநாபன் குரலைத் தாழ்த்தினார். "அரைவேக்காட்டுல மீன் சாப்பிட்டிருக்கார். மாத்திரை இருக்கு, போட்டாச் சரியாயிடும். விட்டுட்டா அந்தப் பறவை ஒருநாள் பொறுமை இழந்துடும்."

கனகவல்லி வீட்டுக்கு வந்து சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீனா! மீனுக்காகப் பெத்த பெண்ணை விரட்டின மனுஷன், எவளோ ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து மீன் தின்கிறாரா? நாரை முழுங்கினால் முழுங்கட்டும் என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை பின்னாலேயே போனாள். அவர் ஷேர் ஆட்டோவில் ஏறினார், நாரை அதற்கு மேலே பறந்தது. இவள் இன்னொரு ஆட்டோவைப் பிடித்து, தெரிந்த தெலுங்கில் அந்தப் பறவைக்குப் பின்னால் விடச் சொன்னாள். டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை. மாதாப்பூர்ப் பக்கம் புதுசு புதுசாக முளைத்த கட்டிடங்களுக்கு இதைவிடக் கோணலாக வழி சொன்ன சவாரிகளை எல்லாம் அவன் ஏற்றியிருக்கிறான்.

லோத்குண்டாவில் மிலிட்டரிக்காரர்களின் சுவரை ஒட்டின தெருவில் நாரை இறங்கி, ஒரு கேட்டின் மேல் உட்கார்ந்தது. கனகவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். அந்தச் சிறுக்கியை நாலு போடுவதாக உத்தேசம். உள்ளே சுப்பிரமணியம் சம்மணம் போட்டு மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டியோடு எதிரே நின்றவள் பிரசன்னா.

நடந்தது இவ்வளவுதான். சித்திரையில் ஒருநாள் மனசு கேட்காமல் அவர் இந்த வாசலில் வந்து நின்றிருக்கிறார். பிரசன்னா அப்பாவுக்கென்று புதுப் பாத்திரம், புது ஸ்டவ் எல்லாம் எடுத்து வைத்தாள். என்றைக்காவது வருவார் என்று கல்யாணமான மாதமே வாங்கி வைத்தவை, அட்டைப் பெட்டிகூடப் பிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் மனுஷன் உடைந்துபோனார். "தனிப் பாத்திரம் எதுக்குடி? உங்காத்துல என்ன உண்டோ அதைப் போடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை மீன் சமைக்கிறவன் ஜேம்ஸ். வியாழக்கிழமை அவன் ஜீடிமெட்லா மருந்து ஃபாக்டரியில் இருப்பான். இருபத்தைந்து வயசு வரைக்கும் மீனைக் கண்ணால் பார்க்காத பெண், துண்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் சீக்கிரமே இறக்கிவிடுவாள். வெந்த மீன் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது. நன்னாருக்கு என்று சொல்லிச் சொல்லியே வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்.

கனகவல்லி மகள் பக்கம் திரும்பவே இல்லை. "நாலு வருஷம்! பஸ்ஸுலேர்ந்து எட்டிப் பார்த்ததுக்கு என்னைத் திட்டினேள். நீங்க மட்டும் வந்து உக்காந்துண்டு சாப்பிடறேளா?"

"எந்த மூஞ்சிய வெச்சுண்டு உங்கிட்ட சொல்றது?" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி.

அதற்கப்புறம்தான் கனகவல்லி அழுதாள். செருப்பு எப்போது கையிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு தட்டு வை."

"உனக்கு ரசம் வெச்சுத் தரேம்மா."

"அவருக்கு என்னவோ அதான் எனக்கும்."

பிரசன்னா இன்னொரு துண்டை எடுக்கப் போனவள் நின்று, சின்ன வயசில் உருளைக்கிழங்குக்குக் கேட்ட அதே குரலில் கேட்டாள்: "வெந்துடுத்தான்னு பாரேம்மா."

பத்மநாபன் சொன்னதெல்லாம் கனகவல்லிக்கு ஞாபகம் இருந்தது. கரண்டியால் அழுத்திப் பார்த்தாள், துண்டு உதிராமல் ரப்பர் மாதிரி எதிர்த்தது. வேகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாவுக்கு என்ன ஆயிற்று, யாரால் ஆயிற்று என்று பெண்ணுக்குப் புரிந்துவிடும். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"வெந்துடுத்துடி. போடு."

கார்த்திகையில் சைனிக்புரி வீட்டு வாசலில் இரண்டு நாரைகள் நின்றன. பத்மநாபன் கொடுத்த மாத்திரையை இரண்டு பேரும் மாசா மாசம் போட்டுக்கொண்டார்கள், வியாழக்கிழமை மீனையும் விடவில்லை. மாத்திரை போட்ட வாரம் நாரைகள் எங்கேயோ போகும், அடுத்த வாரம் திரும்பிவிடும். கட்டில் சட்டத்தில் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே வேட்டியால் கட்டிக்கொண்டு படுப்பது வழக்கமாகிவிட்டது.

புஷ்பாவால் தாங்க முடியவில்லை. ஒருநாள் கேட்டுக்குக் குறுக்கே நின்று, "என்ன மாமி, உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு?" என்றாள்.

கனகவல்லி தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஆமாம்டி, மீன் சாப்ட்டேன். எம் பொண்ணு சமைச்சுப் போட்டா."

சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று சுப்பிரமணியத்தை அவசரப்படுத்தினாள். வியாழக்கிழமை.